கோச்சிப் பாதையில் புல்: எங்கே வெட்டுவது, எங்கே விடுவது?



புல்லு வெட்டுவதைப் பற்றி எமது மக்களுக்கு யாரும் பாடம் சொல்லித் தர வேண்டியதில்லை. சொரண்டி பிடித்த கையும், கவ்வாத்துக் கத்தி பிடித்த கையும், மருந்து டாங்கி சுமந்த தோளும் ஒவ்வொரு லயத்திலும் இருக்கின்றன. ஆனாலும் இந்த முறை புல்லைப் பற்றித்தான் எழுதுகிறோம். தேயிலை மலைப் புல்லை விட்டு, கோச்சிப் பாதையில் முளைக்கிற புல்லைப் பார்ப்போம்.

காரணம் இரண்டு. ஒன்று, மலையகப் பாதை எமது தோட்டங்களை ஊடறுத்துப் போகிறது. தண்டவாளத்தைக் கடந்து பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் உண்டு. பாதையோரத்தில் மாட்டுக்குப் புல் அறுப்பவர்களும், கீரை பறிப்பவர்களும் உண்டு. இரண்டு, எமது இளைஞர்கள் பலர் இன்று வெளி மாவட்டங்களில் கொந்தரப்புக்குப் போய், புல் வெட்டும் மெசினைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலை செய்கிறார்கள். அந்த வேலையின் ஆபத்தை யாரும் அவர்களுக்கு உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை.

பாடத்துக்கு உதாரணமாகப் புத்தளம் கரையோரப் பாதையை எடுத்திருக்கிறோம். முன்னேஸ்வரம் திருவிழாவுக்கும், உடப்பு திரௌபதை அம்மன் தீமிதிப்புக்கும், தலவில் அன்னம்மாள் கோவிலுக்கும் போய் வந்தவர்களுக்கு அந்தப் பக்கம் பழக்கமானதே. மணல், உப்புக் காற்று, கடும் வெயில், திடீர் மழை, தென்னந்தோட்டம், இறால் பண்ணை எல்லாம் அங்கே ஒரே பாதையோரத்தில் இருக்கின்றன. அதனால் புல் செய்யும் கெடுதலும், புல்லைக் கண்டபடி அழிப்பதால் வரும் கெடுதலும் அங்கே சீக்கிரம் விளங்கும்.

புத்தளம் பாதை

இந்தப் பாதை ராகமையில் பிரதான பாதையிலிருந்து பிரிந்து நீர்கொழும்பு வழியாக வடக்கே போகிறது. 1916இல் சிலாபம் வரையும், 1926இல் புத்தளம் வரையும் திறக்கப்பட்டது. சிலாபம் தாண்டியதும் பங்கதெனிய, ஆராச்சிக்கட்டுவ, ஆனவிழுந்தான், முந்தல், மதுரங்குளி, பாலாவி என்று ஸ்டேசன்கள் வரும். தலவிலுக்குப் போகிறவர்கள் பாலாவியிலிருந்து கல்பிட்டி வீதியால் போக வேண்டும்.

நீர்கொழும்புப் பக்கம் ஈரமான பூமி. புத்தளத்தை நெருங்க நெருங்கக் காய்ந்த பூமி. ஐப்பசி முதல் மார்கழி வரைதான் பெரிய மழை. அந்த மழையில் ஒரே மாதத்தில் முழங்கால் உயரத்துக்குப் புல் எழும்பும். தை, மாசி வெயிலில் அதே புல் காய்ந்து வைக்கோலாகி நிற்கும். ஒரு பீடித் துண்டு விழுந்தால் போதும்.

புல் என்ன கெடுதல் செய்யும்?

தண்டவாளத்தின் கீழே சிலிப்பர் கட்டை. அதன் கீழே சல்லிக்கல். இந்தக் கல்லைச் சும்மா கொட்டி வைத்திருக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். உடைத்த, கூர்மையான கருங்கல்லைப் போடுவதற்குக் காரணம் உண்டு. கல்லோடு கல் கவ்விக்கொண்டு கோச்சியின் பாரத்தைத் தாங்கும். கல்லுக்கு இடையில் இருக்கும் சந்து வழியாக மழைத் தண்ணீர் உடனே இறங்கிவிடும். அந்தச் சந்துதான் பாதையின் உயிர்.

காற்றில் வரும் மணல், காய்ந்த இலை, தென்னோலைத் தூள், கோச்சியிலிருந்து விழும் குப்பை எல்லாம் அந்தச் சந்தில் சேரும். அதில் ஒரு விதை விழுந்து முளைத்தால், வேர் அந்த மண்ணை இறுக்கிப் பிடிக்கும். செத்த புல் உரமாகும். அடுத்த வருடம் அதில் பத்துச் செடி வரும். இப்படிச் சந்து அடைபட்டால்:

1. மழைத் தண்ணீர் இறங்காமல் தேங்கும். கோச்சி போகும்போது சேறு மேலே பொங்கி வரும். பாதை ஒரு பக்கம் தாழும், கோச்சி ஆடும். பிறகு அந்த இடத்தில் மெதுவாகப் போகச் சொல்லி வேகம் குறைக்க வேண்டி வரும்.

2. மரச் சிலிப்பர் உளுத்துப் போகும். ஆணியும் கவ்வியும் துருப்பிடிக்கும். புத்தளம் பக்கம் உப்புக் காற்றே பாதித் துருவைக் கொண்டு வருகிறது. ஈரமும் சேர்ந்தால் சொல்ல வேண்டியதில்லை.

3. கொடியும் புல்லும் தண்டவாளத்தின் மேல் சாய்ந்தால் சில்லு அதை நசுக்கும். அந்தச் சாறு வழுக்கும். சமதரைப் பாதையில் இது சிறிய தொல்லை. எமது மலைப் பாதையில் பெரிய தொல்லை. கடுகண்ணாவ ஏற்றத்தில் ஏறக்குறைய 44 அடி போனால் 1 அடி ஏறுகிறது. அப்படிப்பட்ட ஏற்றத்தில் சில்லு வழுக்கினால் கோச்சி நின்றுவிடும்.

4. பாதையைப் பார்வையிட வருபவருக்குக் கழன்ற ஆணியோ வெடித்த கட்டையோ தெரியாது. எல்லாவற்றையும் புல் மூடிக்கொள்ளும். நடக்கும்போது கால் இடறும், பாம்பு இருந்தாலும் தெரியாது.

5. கடவையில் நிற்பவருக்குக் கோச்சி தெரியாது. கோச்சி ஓட்டுபவருக்கு ஆள் தெரியாது.

ஐந்திலும் ஆளைக் கொல்வது பெரும்பாலும் ஐந்தாவதுதான். அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறோம்.

என்னென்ன முளைக்கிறது?

எல்லாப் புல்லும் ஒன்றல்ல. ஆளைத் தெரிந்தால்தான் அதற்கேற்ற வழியைத் தேடலாம்.

கினிப்புல்: ஆளுயரம் வளரும். மாட்டுக்கு நல்ல தீன். காய்ந்தால் நெருப்புக்கும் நல்ல தீன். தூரோடு தோண்டாமல் மேலே எரித்தால் மறுபடி தளதளவென்று தளிர்க்கும்.

இலுக்கு: மண்ணுக்குக் கீழே தண்டு ஓடும். சொரண்டியால் கொத்தினால் ஒரு தண்டு நாலாக வெட்டுப்பட்டு நாலு செடியாகும். கோரையும் இதே குணம்தான். கிழங்கில் ஒன்று மண்ணில் தங்கினாலும் திரும்ப வரும்.

உண்ணிச்செடி: எமது மலைகளிலும் நிறைய உண்டு. 1826இல் பேராதனைப் பூங்கா வழியாக அழகுச் செடியாக இந்த நாட்டுக்கு வந்தது. பறவை பழத்தைத் தின்று பாதையோரமெல்லாம் விதைத்துவிட்டது. இலையை மாடு தின்றால் நஞ்சு.

சீமைக் கருவேல்: வறண்ட கரையோரத்து முள் மரம். வெட்டினால் அடியிலிருந்து பல கிளையாக வரும். அடித்தூரோடு எடுக்க வேண்டும்.

பார்த்தீனியம்: வெள்ளைப் பூப் பூக்கும் சிறிய செடி. 1999இல் வவுனியாவில் முதலில் பதிவானது. பிறகு வேறு மாவட்டங்களுக்கும் பரவியது. ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். தோலில் பட்டால் அரிப்பு, பூந்தூள் மூக்கில் போனால் இழுப்பு வரலாம். கையுறை இல்லாமல் பிடுங்க வேண்டாம். பூக்கும் முன்பே பிடுங்க வேண்டும்.

எருக்கும் ஆவாரையும் கரையோர மணலில் தானாக நிற்பவை. கல்லை விட்டு விலகி நின்றால் அவற்றால் கெடுதல் இல்லை. மணல் பறக்காமல் பிடித்து வைப்பதால் நன்மையும் உண்டு.

பாதையை நாலு பகுதியாகப் பாருங்கள்

இதுதான் இந்தப் பாடத்தின் முக்கியமான பகுதி. பாதையோரத்தில் உள்ள பச்சையை எல்லாம் ஒரே மாதிரி வழித்தெடுப்பது தவறு. எல்லாவற்றையும் விட்டுவிடுவதும் தவறு. நடுவிலிருந்து வெளியே நாலு பகுதியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, கல் படுகை. தண்டவாளமும் சிலிப்பரும் இருக்கும் இடம். இங்கே ஒரு புல்லும் இருக்கக் கூடாது. சிறிதாக இருக்கும்போதே வேரோடு எடுத்து வெளியே கொண்டுபோய்ப் போட வேண்டும். பிடுங்கிய புல்லைக் கல்லின் மேலேயே போட்டால் அதுவே மண்ணாகிவிடும். கல்லில் மண் நிறைந்துவிட்டால் புல் பிடுங்கியும் பயனில்லை. கல்லை அள்ளிச் சலித்து மண்ணைப் போக்க வேண்டும்.

இரண்டாவது, தோள். கல்லுக்கு வெளியே ஆள் நடக்கும் ஒடுக்கமான பகுதி. இங்கே புல் இருக்கலாம். ஆனால் கணுக்காலுக்கு மேல் போகக் கூடாது. நடப்பவருக்குத் தரை தெரிய வேண்டும், கோச்சி வந்தால் ஒதுங்கி நிற்க இடம் வேண்டும்.

மூன்றாவது, கான். தண்ணீர் ஓடும் வழி. கானுக்குள் செடியும் தென்னோலையும் பொலித்தீனும் கிடந்தால், கல் படுகை எவ்வளவு சுத்தமாக இருந்தும் வீண். பெருமழைக்கு முன்பு, புரட்டாதியிலேயே கானைத் துப்புரவாக்க வேண்டும்.

நாலாவது, கரை. கானுக்கு அப்பால் உள்ள சரிவும் மேடும். இங்கே அடிமண் தெரியச் சுரண்டக் கூடாது. தாழ்ந்த புல்லையும் பற்றையையும் விட்டு வைக்க வேண்டும். பாதையின் மேல் விழக்கூடிய மரத்தையும், பட்டுப்போன தென்னையையும், பாதைக்குள் நீட்டும் கிளையையும் மட்டும் எடுக்க வேண்டும்.

ஏன் கரையைச் சுரண்டக் கூடாது என்பது எமது மக்களுக்குச் சொல்லாமலே தெரியும். வெள்ளைக்காரர் காலத்தில் மலையைச் சுத்தமாகச் சுரண்டி வைப்பதுதான் நல்ல தோட்டத்துக்கு அடையாளம் என்று நினைத்தார்கள். மழை வந்தது, மேல்மண் ஆற்றோடு போனது. தேயிலை வேர் வெளியே தெரிந்தது. போன மண் திரும்பி வரவில்லை. மணல் கரையும் அப்படித்தான். வேர் போனால் காற்றடித்து மணல் கல்லுக்குள் வரும், மழை பெய்து கரை கானுக்குள் இறங்கும். புல்லை எடுக்கப் போய் மண்ணைக் கொண்டுவந்து கல்லில் கொட்டியதாக முடியும்.

அந்தப் பக்கத்துத் தென்னந்தோட்டக்காரர்களும் இப்படித்தான் செய்கிறார்கள். மரத்தைச் சுற்றிப் பசளை போடும் வட்டத்தை மட்டும் சுத்தமாக வைக்கிறார்கள். இடையில் உள்ள புல்லைக் கத்தியால் தாழ்த்தி விடுகிறார்கள், அல்லது மாட்டைக் கட்டி மேய்க்கிறார்கள். தேவையான இடம் எது என்று அறிந்து அதை மட்டும் சுத்தம் செய்வதுதான் வேலைத்திறமை.

எப்போது வெட்டுவது?

"களை பிடுங்காப் பயிர் கால் பயிர்" என்று பெரியவர்கள் சொன்னார்கள். பிடுங்குவது மட்டும் போதாது, நேரத்தோடு பிடுங்க வேண்டும். புத்தளம் பக்கத்துக்கு மூன்று நேரம் முக்கியம். மழைக்கு முன்பு கானும், கடவை ஓரமும். மழை தொடங்கி மூன்று நாலு வாரத்தில், மண் நனைந்து வேர் இளகி இருக்கும்போது, கல் படுகை. மழை முடிந்ததும், புல் விதைக்கு முன்பும் காய்வதற்கு முன்பும், தோள். விதை கொட்டிய பிறகு வெட்டினால் அடுத்த வருடத்துக்கு நாமே விதைத்த மாதிரி.

வெட்டிய கினிப்புல்லைக் குவியலாகக் காய விடக் கூடாது. அன்றே அகற்ற வேண்டும்.

கையாலா, மெசினாலா, நெருப்பாலா, உப்பாலா?

கைவேலை மெதுவானது, கூலி அதிகம். ஆனால் வேரோடு வரும், வேறு எதையும் கெடுக்காது. கல் படுகைக்கு இதுவே நல்லது.

மெசின் தோளுக்கும் கரைக்கும் நல்லது. கல்லின் மேல் ஓட்டக் கூடாது. தகடு கல்லில் பட்டால் கல் துப்பாக்கிக் குண்டு போலப் பறக்கும்.

நெருப்பு வைப்பது பழைய பழக்கம். அது வேண்டாம் என்றே சொல்கிறோம். மரச் சிலிப்பர் கருகும், சிக்னல் வயர் உருகும், காற்றோடு தென்னந்தோட்டத்துக்கும் வீட்டுக் கூரைக்கும் பாயும். இலுக்கும் கினியும் நெருப்புக்குச் சாகாது. எரிந்த இடத்தில் வரும் இளந்தளிருக்கு மாடு பாதைக்கே வரும். மாட்டைத் தேடிப் பிள்ளை வரும்.

சிலர் உப்புக் கொட்டினால் புல் சாகும் என்பார்கள். சாகும்தான். தண்டவாளமும் சேர்ந்து துருப்பிடித்துச் சாகும். சிலர் கழிவு ஒயிலை ஊற்றுவார்கள். அது மணலில் இறங்கிக் கிணற்றுக்குப் போகும். இரண்டும் வேண்டாம்.

ஆடு விட்டு மேய்ப்பது வேலி அடைத்த கரைகளுக்குச் சில நாடுகளில் நல்ல வழியாக இருக்கிறது. வேலி இல்லாத பாதையில் ஆட்டை விடுவது ஆட்டுக்கும் ஆபத்து, மேய்ப்பவருக்கும் ஆபத்து.

மருந்து பற்றிச் சற்று விரிவாக

ஒரு முறை யாத்திரை போன கூட்டத்தில் ஒரு அம்மா, வழியில் ஒரு ஸ்டேசன் ஓரத்தில் பொன்னாங்காணி மொத்தமாக நிற்பதைக் கண்டு முந்தானையை ஏந்திக்கொண்டு பறிக்கப் போனார். அங்கே வேலை செய்த ஒருவர் ஓடி வந்து, "அக்கா, அதைப் பறிக்காதீங்க. முந்தாநாள்தான் மருந்து அடிச்சது" என்றார். அம்மா நம்பவில்லை. "நல்லா பச்சையாத்தானே இருக்கு தம்பி?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் எல்லோருக்கும் தெரிய வேண்டும். கிளைபோசேட் போன்ற மருந்து இலை வழியாக உள்ளே போய் வேர் வரை இறங்கித்தான் செடியைக் கொல்கிறது. இலை மஞ்சளாக ஒரு வாரம், இரண்டு வாரம் கூட ஆகும். அதுவரை கீரை பச்சையாகவே நிற்கும். கழுவினாலும் உள்ளே போன மருந்து போகாது. ஆகவே பச்சையாக இருப்பது மருந்து அடிக்கவில்லை என்பதற்கு அத்தாட்சி ஆகாது. பாதையோரத்துக் கீரையை வீட்டுக்கும், புல்லை மாட்டுக்கும் எடுக்காமல் இருப்பதே நல்லது. பாதை நெடுக நேர்கோடு போட்டது போல மஞ்சளித்துக் கிடந்தால், அது மருந்தடித்த இடம் என்று பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

வேறு சில மருந்துகள் மண்ணில் தங்கி, புது விதை முளைக்காமல் தடுக்கும். தேயிலை மண்ணில் மருந்தைப் பிடித்து வைக்கக் களியும் மக்கும் உண்டு. சல்லிக்கல்லில் ஒன்றுமில்லை. மழை வந்தால் மருந்து நேரே கானுக்குப் போகும். புத்தளம் கரையில் கான் எங்கே போகிறது? ஒல்லாந்தர் கால்வாய்க்கும், முந்தல் களப்புக்கும், குளத்துக்கும் போகிறது. அந்தத் தண்ணீரை நம்பி இறால் பண்ணைகள் உண்டு. 2001இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட ஆனவிழுந்தான் குளங்களும் அந்தப் பக்கமே. மணல் பூமியில் குடிக்கும் கிணறும் ஆழமில்லை. மேலே கொட்டியது கீழே வர நாளாகாது.

இந்த நாட்டில் மருந்துகளின் கதையும் எமது மக்கள் அறிந்ததே. பரகுவாட் என்ற கடும் நஞ்சு 2008க்கும் 2011க்கும் இடையில் படிப்படியாக நிறுத்தப்பட்டது. கிளைபோசேட் 2015இல் தடை செய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை தளர்ந்தது. 2021இல் விவசாய இரசாயனங்களுக்குப் பொதுவாகத் தடை வந்தபோது அதுவும் சேர்ந்து நின்றது. 2022 ஆகஸ்டில் மறுபடி இறக்குமதிக்கு இடம் தரப்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015 மார்ச்சில் அதைப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியதாக இருக்கலாம் என்ற வகையில் சேர்த்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் அதன் அனுமதியை இன்னும் 10 வருடத்துக்கு நீடித்தது. அறிஞர்களிடமே ஒரே முடிவு இல்லை.

ஆனாலும் ரயில்வேக்கள் சில அதை விட்டுவிட்டன. பிரான்ஸ் தேசிய ரயில்வே 2021உடனும், ஜேர்மன் ரயில்வே 2022 முடிவுடனும் கிளைபோசேட்டை நிறுத்தின. அதற்குப் பதிலாக வேறு மருந்தும், அதிகமான மெசின் வேலையும், கைவேலையும் வந்தன. பதிலாக வந்த மருந்தும் மருந்துதான். அதிலும் கவனம் தேவை.

மருந்தடிக்கிறவர்கள் கவனிக்க:

* கடற்காற்று வீசும் நேரத்தில் அடிக்க வேண்டாம். காலைக் காற்று அடங்கிய நேரமே சரி. காற்றுக்கு எதிரே ஒருபோதும் நடக்க வேண்டாம்.

* கானுக்குள்ளும், பாலத்தின் அருகிலும், கிணற்றுப் பக்கமும் அடிக்க வேண்டாம். மழை வரும் போலிருந்தால் அன்று வேண்டாம்.

* கையுறை, பூட்ஸ், முகக் கவசம், முழுக்கைச் சட்டை வேண்டும். கர்ப்பிணித் தாய்மாரும் பால் கொடுக்கும் தாய்மாரும் இந்த வேலைக்குப் போக வேண்டாம்.

* உடம்பில் பட்டால் உடுப்பைக் கழற்றிச் சவர்க்காரம் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். விழுங்கினால் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். போத்தல் லேபலைக் கையோடு கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சுவசெரிய அம்புலன்ஸ் நம்பர் 1990.

* வெறும் கேனில் தண்ணீர், மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய் எதுவும் வைக்கக் கூடாது. எத்தனை முறை கழுவினாலும் கூடாது.

கடவையில் ஒரு சின்னக் கணக்கு

பிள்ளைகள் இந்தக் கணக்கைக் கொப்பியில் செய்து பார்க்கட்டும்.

கோச்சி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. ஒரு செக்கனுக்கு எவ்வளவு தூரம்? 60,000 மீட்டரை 3,600ஆல் வகுத்தால் ஏறக்குறைய 17 மீட்டர்.

பிள்ளையைக் கையில் பிடித்த ஒரு தாய் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் 2 மீட்டரில் தொடங்கி அந்தப் பக்கம் 2 மீட்டர் போய்ச் சேர, ஏறக்குறைய 6 மீட்டர் நடக்க வேண்டும். செக்கனுக்கு 1 மீட்டர் என்றால் 6 செக்கன். கால் இடறலாம், செருப்பு மாட்டலாம், பிள்ளை பின்னுக்கு இழுக்கலாம். ஆகவே 10 செக்கன் என்று வைப்போம். 10 செக்கனில் கோச்சி 170 மீட்டர் வந்துவிடும். அதாவது இரு பக்கமும் குறைந்தது 170 மீட்டர் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

வளைவில் ஒரு உண்ணிப் பற்றை நிற்கிறது. அதனால் 50 மீட்டர்தான் தெரிகிறது. 50 மீட்டரைக் கோச்சி 3 செக்கனில் கடக்கும். தாய் அப்போது தண்டவாளத்தின் நடுவில் நிற்பாள். ஓட்டுபவர் பிரேக் பிடித்தாலும் கோச்சி பல நூறு மீட்டர் ஓடித்தான் நிற்கும்.

ஒரு பற்றை, ஒரு கத்தி, அரை மணி நேர வேலை. அதற்கும் ஒரு உயிருக்கும் உள்ள தொடர்பு இதுதான். கேட் இல்லாத கடவை உள்ள இடங்களில் எல்லாவற்றுக்கும் முதலில் துப்புரவாக்க வேண்டியது கடவையின் நாலு மூலையும்தான். தரையிலிருந்து இடுப்புக்கு மேலே எதுவும் மறைக்கக் கூடாது. சிறு பிள்ளையின் கண் எங்கள் இடுப்பு உயரத்தில் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

பாதையோரத்தில் வேலை செய்பவருக்கு

ரயில்வே திணைக்களம் கொடுத்த வேலையாகவோ அனுமதியாகவோ இல்லாமல் பாதையில் இறங்கி நடப்பதும் வெட்டுவதும் சட்டப்படி குற்றம். கொந்தரப்பு எடுத்தவரிடம் அனுமதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

வேலை நடக்கும்போது ஒருவர் வேறு எந்த வேலையும் செய்யாமல் காவல் நிற்க வேண்டும். அவர் கையில் கொடியும் விசிலும் இருக்க வேண்டும். மெசின் பிடித்தவர் காதை மூடியிருப்பார், மெசின் சத்தமும் இருக்கும், கரையோரத்தில் கடற்காற்றின் இரைச்சலும் சேரும். விசில் அவருக்குக் கேட்காது. ஆகவே காவல்காரர் அவர் கண்ணில் படும் இடத்தில் நிற்க வேண்டும். கோச்சி வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று காலையிலேயே பேசி முடிவு செய்ய வேண்டும். ஆளுக்கொரு பக்கம் ஓடக் கூடாது.

மெசின் வேலை நடக்கும் இடத்தில் மற்றவர்கள் 50 அடிக்கு அப்பால் நிற்க வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்குப் பூட்ஸ், முழங்காலுக்குக் கீழே தடுப்பு அவசியம். கையில் போனும் காதில் பாட்டும் வேண்டாம். "எங்களுக்குத் தெரியாததா?" என்று சொல்லும் பழைய ஆட்களே கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பழக்கம்தான் பயத்தைப் போக்குகிறது.

நமது தோட்டத்தில் என்ன செய்யலாம்?

தண்டவாளம் ரயில்வேயின் பொறுப்பு. நாமாக இறங்கி வெட்ட வேண்டியதில்லை. ஆனால் பார்த்துச் சொல்வது நமது கையில் இருக்கிறது. எந்தக் கடவையில் பற்றை மறைக்கிறது, எந்தக் கான் அடைபட்டிருக்கிறது, எந்த மரம் சாய்ந்து நிற்கிறது என்று எழுதி, நலன்புரி உத்தியோகத்தரிடமோ ஸ்டேசன் மாஸ்டரிடமோ கொடுங்கள். இடத்தின் பெயர், பக்கத்தில் உள்ள மைல் கல் அல்லது பால நம்பர், எத்தனை பிள்ளைகள் அந்த வழியால் போகிறார்கள் என்பதைக் குறிப்பிடுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். எழுதிக் கொடுத்து ஒரு பிரதியை வைத்துக்கொண்டால் மறுபடி கேட்கலாம்.

லயத்துக் குப்பையையும் வெட்டிய புல்லையும் பாதையோரக் கானில் கொட்டாமல் இருப்பதும் நாம் செய்யக்கூடிய பெரிய உதவி.

இந்தப் பாடத்தை மாதர் சங்கக் கூட்டத்திலும் இளைஞர் கழகத்திலும் ஒருவர் சத்தமாக வாசித்து, கீழே உள்ள கேள்விகளைக் கலந்து பேசும்படி கேட்டுக்கொள்கிறோம்.

1. சல்லிக்கல்லுக்கு இடையில் உள்ள சந்து எதற்காக?

2. பாதையின் நாலு பகுதிகள் எவை? எந்தப் பகுதியில் புல்லை விட்டு வைக்க வேண்டும், ஏன்?

3. இலுக்கையும் கோரையையும் சொரண்டியால் கொத்தினால் என்ன நடக்கும்?

4. மருந்தடித்த கீரை பச்சையாக நிற்பது ஏன்?

5. கோச்சி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், 10 செக்கனில் எத்தனை மீட்டர் வரும்?

6. உங்கள் பிள்ளை பள்ளிக்குப் போகும் வழியில் கடவை இருந்தால், நாளைக் காலை அந்த இடத்தில் பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து நின்று இரு பக்கமும் பாருங்கள். எவ்வளவு தூரம் தெரிகிறது?